சுழி, சுழி

பதினோரு இரவுகள்.
முதலில் கம்பைலரையே கம்பைல் செய்து
பிறகு அதைக்கொண்டு மற்ற எல்லாவற்றையும்.
மூன்று வருடமாக இந்தப் பெட்டி
டாக்ஸி நிலையத்து மூலையில்
முதலாளி ரோசமெலின் கோட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது.
"ஒன்று வாங்கித் தொலைத்திருக்கலாம், நோல்ஃபா" என்றார்.
வாங்கியிருக்கலாம்தான்.

புந்தா அரேனாஸ். ஜூன். விடிகாலை மூன்று.
கூரைத் தகரத்தைக் காற்று நகத்தால் கிளப்பிப் பார்க்கிறது.
ரேடியோவில் எட்டு வண்டிகள்,
திரையில் கடைசி வரி:
ரூட்டை ஏற்ற முடியவில்லை,
அறியாத சாதனம், சுழி, சுழி.
அதன்பின் கர்சர்கூடத் துடிக்கவில்லை.

'என் தலைச்சுழி' என்று
எழுந்துபோகிறவள் இல்லை நான்.
இந்தச் சுழிகள் பொய் சொல்லாது.
டிஸ்க் கண்ணிலேயே படவில்லை, அவ்வளவுதான்.
படித்துப் பார்த்தால், பட்டியலில்
டிரைவர் என்ற கட்டம் காலி.
வண்டி வாசலில் நிற்கும், ஓட்ட ஆள் இருக்காது;
"டிரைவர் இல்லைங்க" என்று
எத்தனை பேரிடம் இதே நாற்காலியிலிருந்து சொல்லியிருப்பேன்.

கட்டத்தில் நட்சத்திரம் வைத்தேன்.
மீண்டும் கம்பைல்.
அதற்குள் விமான நிலையத்துக்கு இரண்டு பேர்,
மருத்துவமனைக்கு ஒருத்தி (வலி வந்துவிட்டது,
ஆறாம் எண்ணை அனுப்பினேன், அவன்தான் பேசாமல் ஓட்டுவான்),
குடித்துவிட்டு, தன் தெருப் பெயரை
என்னிடமே கேட்ட ஒருவன்.

இப்போது: எட்டு, மூன்று.
சிரித்துவிட்டேன். தனியாக, சத்தமாக.
தோல்விதான், ஆனால் எண் உள்ள தோல்வி.
ஆள் தெரிகிறான், பேச்சுதான் புரியவில்லை.
ext4 இருக்கிறதே, நானே தேர்ந்தெடுத்தேனே என்று
அரைமணி நேரம் பெட்டியோடு வாதாடினேன்.

நான்கு மணிக்குப் பதினான்காம் எண், எலூதேரியோ:
"நோல்ஃபா, திட்டாதே.
கண்ணாடியில் பனி சுரண்ட இறங்கினேன்.
எஞ்சின் ஓடுகிறது. கதவு பூட்டிக்கொண்டது."
"மாற்றுச் சாவி?"
ஒரு கணம் காற்று மட்டும் பேசியது.
"டாஷ்போர்டில்."

நான் திட்டவில்லை.
மைக்கை அழுத்தியபடியே
திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ext4 பக்கத்தில் நட்சத்திரம் இல்லை,
M என்ற எழுத்து. தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று
தனி மாட்யூலாக,
பத்திரமாக,
அந்த டிஸ்குக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

"நோல்ஃபா? இருக்கிறாயா?"
"இருக்கிறேன். மூன்றாம் எண்ணிடம் கம்பி இருக்கிறது,
வருகிறான். எலூதேரியோ,
நீ ஒரு மேதை."
அவன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்.

நாலு இருபதுக்கு வரிகள் ஓடத் தொடங்கின,
ஓடின, நிற்கவே இல்லை,
கடைசியில் என் பெயர் கேட்டது.

ஊர் சேர்ந்தாயிற்று, இனிமேல் சில்லறை.
நெட்வொர்க் கார்டு தானே தனக்கு
வேறு பெயர் சூட்டிக்கொண்டிருந்தது;
பழைய பெயரால் கூப்பிட்டால் திரும்பவில்லை.
எஸ்பான்யா அவென்யூவின் நடுவில்
ñ இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறி,
இப்படி ஒரு தெரு உண்டா என்று
பெட்டிக்கே சந்தேகம் வந்ததுபோல.
லொகேலை உருவாக்கியதும் தெரு திரும்பி வந்தது.

கடிகாரம் மட்டும் மூன்று இருபது என்றது.
சாந்தியாகோ நேரம் வைத்திருக்கிறேன்.
குளிர்காலத்தில் தலைநகர் ஒரு மணி பின்னால் போகும்,
நாங்கள் போவதில்லை.
சரிசெய்வதற்குள் பதிந்த சவாரிகள் மூன்று
நடக்கும் முன்பே நடந்துவிட்டன.
"அந்த ஒரு மணிக்கும் சம்பளம் உண்டா?" என்கிறான் எலூதேரியோ,
கம்பி கீறிய கதவோடு.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது.
ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், நடுவில்,
நான்கு விநாடி எதுவும் செய்யாமல் நிற்கிறது.
பிழைச்செய்தி இல்லை. லாகில் வெறும் இடைவெளி.
மூன்று இரவு தேடிவிட்டேன்.
எதற்கோ காத்திருக்கிறது,
அது வருவதில்லை,
பிறகு தானே கிளம்பிவிடுகிறது.

ரோசமெல் வந்தார், பார்த்தார்,
ஓடுகிறதா என்றார்.
ஓடுகிறது என்றேன்.
கோட்டை அதன்மேல் மாட்டப் போனவரின்
கையைப் பிடித்துக்கொண்டேன்.